குவாரி வளைவில் நின்ற கம்பி

புலிக்குழிவிளை
12.6.2006

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஞானையனுக்கு,

அக்காள் தாசம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உன் அத்தான், மகள் ஷெமி மூன்று பேரும் சுகம். மழை தொடங்கியதும் எனக்கு முட்டுவலி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே உன் மனைவி ஜிஜியும் மகன் சஜினும் சுகந்தானே? பிரஷர் மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் சாப்பிடுகிறாயா?

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். வீட்டில் போன் இருக்கிறது. ஆனால் கடைசியாகப் போனில் பேசியபோது நாம் கத்தியது பக்கத்து விளையில் இருக்கும் வீடு வரைக்கும் கேட்டது. கடிதம் என்றால் கோபம் வருகிற இடத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். இது மூன்றாவது தாள்.

கிராமங்களுக்கு அதிவேக இண்டர்நெட் கேபிள் போடும் திட்டத்தில் எங்கள் வார்டும் இருக்கிறது. கான்டிராக்ட் உங்கள் கம்பெனிக்கு என்றும், தெற்குப் பகுதிக்கு சர்வே இன்ஜினியர் நீதான் என்றும் பஞ்சாயத்து செக்ரட்டரி சொன்னார். இந்த வார்டு மெம்பர் இப்போது நான். உனக்குத் தெரியாமல் இருந்தால் தெரிந்துகொள்.

இங்கே உலகம்மை என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் சவூதியில் ஒரு வண்டி மோதிய கேஸில் மாட்டி ஜெயிலில் கிடக்கிறான். எம்பசியிலிருந்து வருவது எல்லாம் இ-மெயில். அவள் பதினாலு கிலோமீட்டர் பஸ் ஏறி வெள்ளறடைக்குப் போய், கஃபேயில் இருக்கும் பெண்ணை வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவாள். மே மாதம் ஒரு ஃபாரம் வந்தது, ஏழு நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமென்று. அவள் பார்த்தது பதினோராம் நாள். கேஸை மூன்று மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். என் வீட்டு முற்றத்தில் நின்று, "மெம்பரே, அந்தக் கம்பி எப்பம் வரும்?" என்று கேட்டாள். இந்த வருஷமே வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன்னிடம் தயவு கேட்கவில்லை. வர வேண்டியது முறைப்படி வரட்டும். ஜிஜிக்கு என் அன்பு.

அக்காள்
தாசம்மாள்


குன்னுகுழி, திருவனந்தபுரம்
24.6.2006

அன்புள்ள அக்காளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மாத்திரை சாப்பிடுகிறேன். உன் முட்டுக்கு எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டு.

உங்கள் வார்டு என் பட்டியலில் இருக்கிறது. ஜூலை இரண்டாம் வாரம் ஆள்களோடு வருகிறேன். ஜங்ஷனிலிருந்து உங்கள் சமூகக்கூடம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரே ரோடு, ரப்பர் தோட்டம். பெரிய சிக்கல் ஒன்றும் வராது. கிறிஸ்துமஸுக்கு முன் கேபிள் வந்துவிடும். இதை மெம்பருக்குச் சொல்கிறேன், அக்காளுக்கு அல்ல.

அக்காளுக்குச் சொல்வது, நான் வேலைக்கு வருகிறேன், வீட்டுக்கு வரவில்லை. சோறு ஆக்கி வைத்துக்கொண்டு ஆள் அனுப்பாதே. அத்தானும் நானும் இந்த இருபத்திமூன்று வருஷத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை. இனி புதிதாகப் பழக வேண்டாம்.

ஞானையன்


புலிக்குழிவிளை
20.7.2006

அன்பான தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே நீங்கள் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நீ வந்தாய், இரண்டு நாள் அளந்தாய், போய்விட்டாய். ஜங்ஷன் கடையில் நின்று மூன்று தடவை சாயா குடித்திருக்கிறாய். சமூகக்கூடத்துக்கு முன்னால் நீ அளந்தபோது நான் மேல்படியில் நின்று பார்த்தேன். உன் தலை அப்பாவுக்கு நரைத்ததுபோலவே பின்பக்கமிருந்து நரைத்திருக்கிறது. நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

சோறு ஆக்க வேண்டாம் என்றாய், ஆக்கவில்லை. மரச்சீனிக்கிழங்கு அவித்து மீன்கறியோடு உன் ஆள்களுக்குத்தான் கொடுத்தனுப்பினேன். நீ மட்டும் தொடவில்லை என்று பாத்திரம் கொண்டுவந்தவள் சொன்னாள். வளர்ந்த பிள்ளைக்குத் தகப்பன் நீ. நன்றாயிருக்கிறது.

உன் ஆள்கள் குவாரி வளைவில் மட்டும் அரை நாள் நின்றார்களாமே, எதற்கு? அந்தக் குவாரி உன் அத்தானுடையது என்று தெரிந்து, கல்லுடைக்கிறவன் என்ன பாடுபடுகிறான் என்று வேடிக்கை பார்த்தாயா? அந்தச் சொல் உன்னுடையது. என் கல்யாணத்துக்கு வராமல் இருந்ததற்கு நீ அப்பாவிடம் சொன்ன காரணம், "கல்லுடைக்கிறவன் வீட்டுப் பந்தியில் உட்கார மாட்டேன்" என்பது. நான் மறக்கவில்லை.

ஷெமிக்கு மார்த்தாண்டத்தில் இடம் பார்த்திருக்கிறோம். பையன் கல்லூரியில் வேலை பார்க்கிறான். கடவுள் சித்தமானால் ஜனவரியில் கல்யாணம். முறைப்படி கல்யாணச் சீட்டு வரும். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ரிப்போர்ட்டை எப்போது கொடுப்பாய் என்று எழுது.

தாசம்மாள்


குன்னுகுழி
2.9.2006

அன்புள்ள அக்காளுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பதில் எழுதத் தாமதமானது. ரிப்போர்ட் போன வாரம் கொடுத்துவிட்டேன். ஜங்ஷனுக்கும் சமூகக்கூடத்துக்கும் நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்குத் தொடர் பாறை. குழி தோண்ட முடியாது. உங்கள் வார்டை இந்தக் கட்டத்திலிருந்து நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அடுத்த கட்டம் வரும்போது பார்க்கலாம். எப்போது என்று எனக்குத் தெரியாது.

இது குறித்து மேலும் எழுதிப் பயனில்லை.

அத்தானைக் கண்ணுக்குச் சொட்டுமருந்து ஒழுங்காக விடச் சொல். தூசியில் நிற்க வேண்டாம்.

ஞானையன்


புலிக்குழிவிளை
9.9.2006

ஞானையனுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

தொடர் பாறையா? இந்த ரோட்டில் நான் பிறந்த நாள் முதல் நடக்கிறேன். பாறை இருப்பது குவாரி வளைவில் இருநூறு மீட்டர். மற்றதெல்லாம் மண்வெட்டி தொட்டால் இளகுகிற செம்மண். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் என்று ஜூன் மாதம் எழுதியவன் நீ. ஜூலையில் பாறை முளைத்ததா?

வியாழக்கிழமை பஞ்சாயத்துக் கூட்டத்தில் செக்ரட்டரி உன் ரிப்போர்ட்டை வாசித்தார். எதிர்க்கட்சி மெம்பர் பகவதிப்பெருமாள் எழுந்து, "மெம்பரே, ஒங்க தம்பிதானே இந்த இன்ஜினியரு? சொந்தத் தம்பியே ஒங்க வார்டெ வெட்டிட்டானே, பின்னெ நாங்க யாருட்டெ போய்ச் சொல்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது உலகம்மை நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் மேல் உள்ள வெறுப்பை என் வீட்டின் மேல் காட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். முந்நூறு வீட்டின் மேல் காட்டிவிட்டாய். பேனா கையில் இருக்கிறவனுக்கு ஒரு கிராமத்தை இருட்டில் வைக்க ஒரு வரி போதும் என்று காட்டினாய். ரிப்போர்ட்டின் அடியில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். நான் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து அது.

தாசம்மாள்


குன்னுகுழி
30.9.2006

பஞ்சாயத்து மெம்பர் தாசம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜிஜியும் வாசித்தாள். அவள் அழுதாள், நான் அழவில்லை.

என் ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் கம்பெனிக்கு எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம். சிறுவயதிலிருந்தே நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சாட்சியைக் கூப்பிடுகிறவர். அப்பாவின் பேனாவை உடைத்தது யார் என்று விசாரிக்காமலே என் கன்னத்தில் அறைந்தீர்கள். உடைத்தது பூனை.

என்னை வெறுப்பவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவே நல்லது. இனி இந்த விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டாம்.

ஞா. ஞானையன்


புலிக்குழிவிளை
14.10.2006

தம்பிக்கு,

போட வேண்டாம் என்றாய். போடுகிறேன். இது வேறு விஷயம்.

நேற்று உன் செப்டம்பர் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன், கம்பெனிக்குப் புகார் எழுத. கடைசி வரியில் கண் நின்றுவிட்டது. "கண்ணுக்குச் சொட்டுமருந்து ஒழுங்காக விடச் சொல்." முதலில் வாசித்தபோது கோபத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

உன் அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது ஜூலை இருபத்தைந்தாம் தேதி. உனக்கு நான் எழுதவில்லை. சபையில் ஜெபிக்கவும் சொல்லவில்லை, அவருக்கு அது பிடிக்காது. ஷெமியிடம் கேட்டேன், அவளும் மாமனிடம் பேசவில்லை என்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடமே கேட்டேன்.

"ஆபரேஷன் முடிஞ்ச அந்த ஞாயிறு எங்கெ போனிய?"

"நாகருகோயிலு. கண்ணு காட்ட."

"ஞாயித்துக்கெழமெ எந்த டாக்டரு கண்ணு பாக்கான்?"

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். பாதிச் சோறு இலையிலேயே இருந்தது. இந்த மனுஷன் இருபத்திமூன்று வருஷத்தில் சோற்றை மிச்சம் வைத்ததில்லை.

அவர் உன்னிடம் வந்தாரா? என்ன பேசினீர்கள்? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுது, போதும்.

அக்காள்


புலிக்குழிவிளை
20.11.2006

தம்பிக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் ஆள்கள் அரை நாள் நின்ற இடத்தை நானே போய் அளக்கலாம் என்று தோன்றியது. தாலூகா ஆபீஸில் மங்கலம் என்று ஒரு பெண் சர்வேயர் இருக்கிறாள். மெம்பர் என்ற முறையில் எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை சங்கிலியும் பழைய வரைபடமும் கொண்டுவந்தாள். உன் அத்தான் வெடிமருந்து எடுக்கப் போயிருந்த நேரம். நான் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தேன்.

ரிக்கார்டில் ரோடு எட்டு மீட்டர். குவாரி வளைவில் இருப்பது மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர். மீதி ஏறத்தாழ ஐந்து மீட்டர் ரோடு பாறையாக இருந்தது, அதை வெடிவைத்து எடுத்து ஜல்லியாக்கி விற்றாயிற்று. விளிம்பில் காட்டுச்செடி வளர்ந்து மறைத்திருக்கிறது. மங்கலம் கீழே இறங்கிப் பள்ளத்துக்குள் நின்று மேலே பார்த்தாள். "மேடம், இங்கெ வந்து பாருங்கோ. பஸ்ஸு போறது வெறும் மண்ணுமேலெயாக்கும். அடியிலெ தாங்க ஒண்ணும் இல்லெ" என்றாள். இறங்கிப் பார்த்தேன். ரோட்டுக்கு அடியில் குடைந்து வைத்திருக்கிறார்கள். கீழே அறுபது அடி. காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடப் பஸ் அதன் மேல்தான் திரும்புகிறது.

கேபிள் போட வேண்டுமென்றால் ஐம்பது மீட்டருக்கு ஒரு தடவை ரோட்டின் அகலத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். செக்ரட்டரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அகலத்தை எழுதினால் குவாரி போகும், அவர் மேல் கேஸ் வரும். அதற்காக நீ பாறை என்று எழுதினாய். சரிதானே?

அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "ஆமா" என்றார்.

நீங்கள் இரண்டு பேரும் இருபத்திமூன்று வருஷமாக முகம் பார்க்க மாட்டீர்கள். என்னை முட்டாளாக்க மட்டும் ஒன்றாய்ச் சேர்ந்தீர்கள். நான் உன்னைச் சபித்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் புகார் கொடுக்கப் போகிறேன்.

தாசம்மாள்


குன்னுகுழி
25.11.2006

அக்கா,

இதை வாசித்து முடிக்கும்வரை தாலூகா ஆபீஸுக்குப் போகாதே.

ஜூலை கடைசி ஞாயிறு நாங்கள் கோயிலில் ஆராதனை முடிந்து வந்தபோது அத்தான் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி. முதலில் யார் என்றே தெரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. முருங்கைமரத்தடியில் நின்றே பேசினார்.

"ஞானையா, நீ அளந்தது எனக்குத் தெரியும். எழுதிராதே."

"ரோட்டெயே தின்னுட்டியளே அத்தான்" என்றேன்.

"தின்னேன். மேலெ பாறெ தீந்துபோச்சு. ஆளுவ முப்பத்தெட்டு பேரு நிக்கானுவ. இந்த ஒரு மாசம், இந்த ஒரு மாசம்னு நாலு வருஷமா தின்னேன். நெறயத் தின்னேன்."

பிறகு ஷெமியைப் பற்றிச் சொன்னார். போலீஸ் கேஸ் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள் என்றார். கல்யாணம் மட்டும் முடிந்துவிட்டால் வளைவில் தானே சுவர் கட்டி ரோட்டைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். "ஒனக்க அக்காளுக்குத் தெரியப்பிடாது. தெரிஞ்சா என்னெ ஜெயிலுக்கு அனுப்பிட்டுத்தான் அடுத்த வேலெ பாப்பா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் துடைக்கப் போனார். துடைக்கக் கூடாதே என்று நான்தான் கையைப் பிடித்தேன். பிடித்த கையை அவர் விடவில்லை. வாக்குக் கொடுத்தேன்.

அவருக்காக அல்ல. ஷெமிக்காக என்றும் சொல்ல மாட்டேன். உன் கல்யாணத்தில் நான் ஒரு இடத்தில் உட்காராமல் போனேன். அதற்கு இதைக் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று நினைத்தேன். அதற்கு நீ எழுதியது செப்டம்பர் கடிதம். அதையும் வாங்கிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி வரை பொறு. ஆறு வாரம். கல்யாணம் முடியட்டும். அதற்குப் பிறகு நானே இரண்டாவது சர்வே கேட்டு, ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுக்கிறேன். இப்போது நீ புகார் கொடுத்தால் பொய் ரிப்போர்ட் கொடுத்தவன் என்று முதலில் வெளியே போவது நான். எனக்கு நாற்பத்தாறு வயது. சஜின் பிளஸ் டூ. யோசித்துச் செய்.

ஞானையன்


புலிக்குழிவிளை
19.12.2006

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் யோசித்தேன். மறுநாளும் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை வளைவில் போய் நின்றேன். பஸ் திரும்பியபோது பின்சக்கரத்தின் அடியிலிருந்து ஒரு கூடை மண் பள்ளத்தில் சரிந்தது. ஜன்னலில் இருந்த பிள்ளைகள் எனக்குக் கை காட்டினார்கள். நான் அங்கிருந்து நேரே தாலூகா ஆபீஸுக்குப் போனேன்.

ஆறு வாரம் என்றால் எத்தனை தடவை அந்தப் பஸ் திரும்பும் என்று நீ எண்ணிப் பார்த்தாயா? இரண்டு ஆண்பிள்ளைகள் முருங்கைமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பேசியிருக்கிறீர்கள். பஸ்ஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உன் ஆள்கள் அரை நாள் நின்றார்களே, நீ கீழே இறங்கிப் பார்க்கவில்லையா? பார்த்திருப்பாய். நீ நல்ல இன்ஜினியர்.

குவாரியைப் பூட்டி சீல் வைத்தார்கள், பஸ்ஸை வளைவுக்கு முன்பே நிறுத்தித் திருப்பச் சொன்னார்கள். அத்தான் மேல் கேஸ் எழுதினார்கள். அன்று சாயங்காலமே தன் துணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்த்தாண்டத்துக்காரர்கள் ஒரு வாரத்தில் ஆள் அனுப்பினார்கள். கல்யாணம் நின்றுவிட்டது. ஷெமி அறைக்கதவைத் திறந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"அம்மா, ஜனவரி கழிஞ்சு குடுத்திருக்கப்பிடாதா?"

"பஸ்ஸு தெனமும் அதுமேலெயில்லா போச்சு பிள்ளே."

"நாலு வருஷமா போச்சுல்லா? இன்னும் ஒரு மாசம் போயிருக்காதா?"

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளும் அதே பஸ்ஸில்தான் போய்வந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. டெல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கடிதம் வந்திருந்ததை வேண்டாம் என்று வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு போன வியாழக்கிழமை ரயில் ஏறிவிட்டாள். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றாள்.

உங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். "சர்வே செய்த இன்ஜினியருக்கு இது தெரியுமா மேடம்?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். "தெரியும்" என்றேன். வேறு யாரோ சொல்லி நீ கேள்விப்பட வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு பேருக்கு வேலை போய்விட்டது. அவர்களின் பெண்டாட்டிகள் எனக்கு ஓட்டுப் போட்டவர்கள். இப்போது என் வீட்டு வாசலில் காறித் துப்பிவிட்டுத்தான் கடக்கிறார்கள். நீ சொல்லாமல் திட்டு வாங்கினாய். நான் சொல்லிவிட்டுத் திட்டு வாங்குகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று எழுதக் கை வரவில்லை. ஜிஜி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

தாசம்மாள்


குன்னுகுழி
16.7.2007

மெம்பர் அவர்களுக்கு,

ஏழு மாதம் எழுதவில்லை. இனியும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் போன வாரம் குவாரி வளைவுக்கு மேலே ரப்பர் மரத்தடியில் குடை பிடித்து நின்று பார்த்தது நீங்கள் என்று எனக்குத் தெரியும். ஊரில் கதை கட்ட வேண்டாம் என்பதற்காக நடந்ததை நானே எழுதுகிறேன்.

ஜனவரி ஐந்தாம் தேதி என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். பத்தொன்பது வருஷ வேலை, இரண்டு வரிக் கடிதம். மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு ஆரியசாலையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் ஸ்டாக் பார்த்தேன். மே மாதம் உங்கள் வார்டுக்கு இரண்டாவது சர்வே முடிந்து, குழி வெட்டும் வேலையை ஒரு சப்-கான்டிராக்டர் எடுத்தான். என் கீழே வேலை பழகியவன். அவனிடம் போய், "அந்த மூன்று கிலோமீட்டரை மட்டும் எனக்குக் கொடு, மேஸ்திரியாக நிற்கிறேன்" என்றேன். அவன் ஒரு மாதிரிப் பார்த்தான். கொடுத்தான்.

உங்களுக்காக வரவில்லை. அந்தப் பொய்யை எழுதியது என் கை. அதைத் திருத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அத்தான் வளைவில் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. ரோட்டைத் தன் செலவில் திருப்பிக் கட்டித் தர வேண்டுமென்று உத்தரவாம். பழைய ஆள்களில் பத்துப் பேரோடு அடியிலிருந்து கல்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். அவர் கீழே, நான் மேலே. ஒன்பது நாள். ஒரே பைப்பில் தண்ணீர் குடித்தோம், பேசவில்லை. ஒன்பதாம் நாள் நான் கேபிள் போகிற ஆரஞ்சுக் குழாயைக் குழிக்குள் இறக்கினேன். அவர் சுவர்மேல் ஏறி வந்து பார்த்தார்.

"ஆழம் போருமா?"

"இந்த எடத்திலெ சுவரு இன்னும் ஒரு வரிசெ ஏறணும். இல்லெங்கி மழெ வெள்ளம் குழிக்குள்ளெ எறங்கும்" என்றேன்.

அவர் கீழே திரும்பி ஆள்களிடம் "ஒரு வரிசெ கூட்டுங்கடே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கேபிள் சமூகக்கூடம் வரை போட்டாயிற்று. கேபிளுக்குள் ஒளி விட்டுச் சோதித்துப் பார்த்தேன், மறுமுனையில் சுத்தமாக வருகிறது. பத்து நாளில் இணைப்புக் கொடுப்பார்கள். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். உங்களோடு எனக்கு இனி பேச்சில்லை. நீங்கள் சொன்னது உண்மை என்பதால் என் கோபம் குறையவில்லை.

உங்கள் முட்டு மோசமாக இருக்கிறது. அந்த மேட்டில் இறங்கும்போது பார்த்தேன். டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞானையன்


புலிக்குழிவிளை
28.8.2007

தம்பி ஞானையனுக்கு,

அக்காள் எழுதுவது. நான் இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நன்றாயிருக்க வேண்டும்.

நான் செய்தது தவறு என்று எழுத இந்தக் கடிதம் இல்லை. நீயும் அப்படி எழுத வேண்டாம். நான் ஒரு சொல் சொன்னதில் பத்தொன்பது வருஷ வேலை போனது. அதைத் தினமும் நினைக்கிறேன். திரும்பக் கேட்டாலும் அதே சொல்லைத்தான் சொல்வேன் என்பதையும் நினைக்கிறேன்.

இணைப்பு ஆகஸ்ட் மூன்றாம் தேதி வந்தது. எம்.எல்.ஏ. நாடா வெட்டினார். ஆள் குறைவு. பகவதிப்பெருமாள்தான் நன்றியுரை சொன்னார், என் பெயரைச் சொல்லாமல். உன் அத்தான் வரவில்லை. சுவர் முடிந்துவிட்டது, அண்ணன் வீட்டிலேயே இருக்கிறார். பஸ் இப்போது வளைவில் வேகம் குறைக்காமல் திரும்புகிறது. டிரைவர் புது ஆள், நடந்தது எதுவும் தெரியாது, ஹாரன் அடித்துக்கொண்டு போகிறான்.

நான்கு கம்ப்யூட்டர். பார்த்துக்கொள்ள ஸ்வப்னா என்று ஒரு பெண். முதல் இரண்டு நாள் உலகம்மையும் மற்றவர்களும் வந்து போனபிறகு நானும் போனேன். "எனக்கும் ஒண்ணு உண்டாக்கித் தா மக்களே" என்றேன். எனக்கு ஒரு இ-மெயில் விலாசம் போட்டுக் கொடுத்தாள். ஷெமியின் விலாசத்தை ஒரு பழைய நோட்டிலிருந்து கண்டுபிடித்தேன். டெல்லி போனபிறகு அவள் எனக்குப் போன் செய்ததில்லை. நான் செய்தால் எடுப்பதில்லை.

தமிழில் அடிக்கத் தெரியாததால் ஆங்கில எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம். அனுப்புகிற பொத்தானை ஸ்வப்னா அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். "போயாச்சு அம்மா. இப்பம் ஷெமி சேச்சிக்கெ முன்னாலெ நிக்கும்" என்றாள். நான் நாற்காலியைச் சரியாக்கி உட்காரும் முன்பே போய்விட்டதாம்.

அது ஆறாம் தேதி. தினமும் நாலு மணிக்குப் போய்த் திறந்து பார்க்கிறேன். இன்று இருபத்திரண்டாவது நாள். நேற்று ஸ்வப்னா, "ஒருவேளெ பாத்திருக்க மாட்டாவளாயிருக்கும்" என்றாள். சின்னப் பெண், எனக்கு ஆறுதல் சொல்கிறாள். பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

ஷெமி உனக்கு எழுதுகிறாள் என்று ஜிஜி யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. வாரம் ஒரு தடவையாம். உனக்கு என்னோடு பேச்சில்லை, சரி. என்னைப் பற்றி அவளிடம் நல்லதாக எதுவும் எழுத வேண்டாம். என்னோடு பேசச் சொல்லவும் வேண்டாம்.

அவள் சுகமாயிருக்கிறாளா என்று மட்டும் எனக்கு ஒரு வரி போடு.

அக்காள்
தாசம்மாள்